மேல காத்து கிடையாது

ஐயையோ, அந்தப் படியில கால வைக்காதீங்க டாக்டர் தம்பி, மேல காத்து கிடையாது. இல்ல இல்ல, காத்து இருக்கு, நல்லாவே வீசும், துணி காயப் போட்டா க்ளிப்போட பறந்துரும். ஆனா இல்லைன்னு வச்சிருக்கோம். நீங்க பாட்டுக்குச் சட்டை பேண்ட்டோட போயி எதிர்ல நின்னீங்கன்னா அவருக்குச் சங்கடமாப் போயிடும். இந்தாளு எப்படி உயிரோட நிக்கிறான்னு யோசிப்பாருல்ல? உக்காருங்க. அந்தத் துணியெல்லாம் ஒதுக்கிட்டு உக்காருங்க. பாத்து, ஊசி இருக்கும். ஸ்கூல் யூனிஃபார்ம் தைக்கிற சீசன், வீடு பூரா ஊசிதான்.

பையன் அனுப்புனான்னு வாசல்ல சொன்னப்பவே புரிஞ்சிருச்சு. மனசு டாக்டர்தானே நீங்க? மத்த டாக்டரா இருந்தா பை இன்னும் பெருசா இருக்கும். எங்கப்பா மொட்டை மாடியில ஏறி வேற கிரகத்துல குடித்தனம் பண்றாரு, எப்படியாவது இறக்கிருங்கன்னு சொல்லியிருப்பான். என்கிட்டயும் ஃபோன்ல அதைத்தான் கத்துறான். ஆனா எல்லாத்தையும் ஆரம்பிச்சு வச்சதே அவன்தான். அதச் சொன்னானா? சொல்லலைல்ல? அதான பாத்தேன்.

லீவுக்கு வந்தவன் சும்மா இருக்காம எங்க ரெண்டு பேரையும் சினிமாவுக்குக் கூட்டிட்டுப் போனான். எங்க வீட்டுக்காரரு லிஃப்ட் மெக்கானிக்கு தம்பி. ரிட்டையர் ஆகுற வரைக்கும் அந்த இருட்டுக் குழிக்குள்ள கயித்தோட கயிறாத் தொங்கிக்கிட்டிருந்தவரு. சினிமாவுக்கெல்லாம் வரவே மாட்டாரு. அன்னிக்கி என்னமோ சட்டைய மாட்டிக்கிட்டு முன்னாடி போயி நிக்கிறாரு. படம் என்னன்னா, விண்வெளிக் கப்பல் உடைஞ்சு ஒருத்தன் மட்டும் தனியா வேற ஒரு கிரகத்துல மாட்டிக்கிறான். அவ்வளவுதான் கதை. எங்க பாத்தாலும் சாம்பக் கலர் மண்ணு, நடுவுல இவன். சண்டை கிடையாது, பாட்டு கிடையாது, பேசிக்க ஒரு பொண்ணு கூடக் கிடையாது. நான் தூங்கிட்டேன். முழிச்சுப் பாத்தா பையன் ஃபோனை நோண்டிக்கிட்டிருக்கான், இவரு சீட்டு நுனியில உக்காந்து கண்ணு கொட்டாமப் பாத்துக்கிட்டிருக்காரு. படம் முடிஞ்சு லைட்டு போட்டாங்க, எந்திரிக்கல. கூட்டற அம்மா வந்து காலைத் தூக்குங்க சார்னு சொன்னதும் காலைத் தூக்குனாரு, மறுபடி இறக்கி வச்சுட்டாரு. இடுப்பு புடிச்சுக்கிச்சு போலன்னு நெனச்சேன்.

மறுநாள் பையன் ஊருக்குக் கிளம்பினான். அவன் வண்டி தெருமுனை திரும்பல, இவரு பாயைச் சுருட்டிக் கக்கத்துல வச்சுக்கிட்டாரு. எங்க போறீங்கன்னேன். மேலன்னாரு. மாடிக்குத்தானேன்னு விட்டுட்டேன். அது அவ்வளவு தூரம்னு எனக்கென்ன தெரியும்?

எங்க தலைக்கு மேலதான், மாடியில லிஃப்ட் மோட்டார் ரூம் ஒண்ணு இருக்கு. லிஃப்ட் செத்து வருஷக்கணக்காச்சு. நீங்களே அஞ்சு மாடியும் ஏறித்தானே வந்தீங்க, மூச்சு வாங்குதே இன்னும். அந்த ரூமுல போயி உக்காந்துட்டாரு. நான் இங்க அரிசி களைஞ்சுக்கிட்டிருக்கேன், அலமாரி மேலருந்து கரகரன்னு சத்தம். பாத்தா அவரோட வாக்கி டாக்கி. வேலைக்குன்னு ரெண்டு வச்சிருந்தாரு, மேல மோட்டார்கிட்ட ஒண்ணு, கீழ குழியில ஒண்ணு. அதுல ஒண்ணை எனக்கு வச்சிட்டுப் போயிருக்காரு. அதுல அவரு குரல் வருது: பூமி, பூமி, கேக்குதா.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். எவ அந்த பூமின்னு பிடிபிடின்னு பிடிச்சுட்டேன். பதிலே இல்ல. கத்திக் கத்தித் தொண்டை வறண்டு, சரி போய்த் தொலையட்டும்னு உலையை வச்சு, அரிசி வெந்து, கஞ்சியை வடிச்சுக்கிட்டிருக்கேன், அப்ப நிதானமாச் சொல்றாரு, பூமிங்கறது நீதான்னு.

அதான் தம்பி, அங்கருந்து சேதி வர நேரமாகுமாம். படத்துல அப்படித்தானாம். தூரம் அதிகம், நாம கேட்டது அங்க போயிச் சேரணும், அவரு சொன்னது இங்க வந்து சேரணும். ஒரு உலை அரிசி வேகற நேரம் ஆகும். கைய நீட்டுனா மோட்டார் ரூம் தரை தட்டுப்படும், நான் இங்க இருமுனா அவருக்குக் கேக்கும். இருந்தாலும் சேதின்னா நேரமாகும். அது விதி.

மொத வாரம் பூரா எனக்கு அழுகையும் ஆத்திரமும்தான். அப்புறம் பழகிருச்சு. காலையில பல்லு வெளக்கும்போதே மத்தியானம் என்ன வேணும்னு கேட்டு வச்சிருவேன். ஆனா கேள்வியை அடுக்கக் கூடாது, பதில் குழம்பிரும். ஒரு நாளு முழங்கால் எப்படி இருக்குன்னு கேட்டேன், அது போயிச் சேர்றதுக்குள்ள உங்க தங்கச்சி வீட்டுலருந்து வந்திருக்காங்கன்னு சொல்லிட்டேன். அவங்க இங்கதான், நீங்க உக்காந்த எடத்துல உக்காந்திருக்காங்க. மேலருந்து சத்தமா வருது, மழைக்காலம் வந்தா தொந்தரவுதான், எண்ணெய் தேச்சு விட்டா அடங்கிரும்னு. நாத்தனார் இன்னிக்கு வரைக்கும் என்கிட்டப் பேசறதில்ல.

சாப்பாடா? கயித்துல பக்கெட்டு கட்டி ஜன்னல் வழியா இழுத்துக்குவாரு. கயித்து வேலை அவருக்குச் சொல்லித் தரணுமா? ஒரு சொட்டு சிந்தாது. பாத்ரூமும் மாடியிலயே இருக்கு, வாட்ச்மேனுக்காகக் கட்டுனது. ஆனா அதுக்குப் போறதுக்கு வெளிய நடக்கணும்ல, வெளியதான் காத்து இல்லையே, அதுக்கு டிரஸ் வேணும்னுட்டாரு. நான் தையக்காரி, கேட்டா விட முடியுமா? கீழ் வீட்டுல இருக்குற ஃப்ளாட் செக்ரட்டரி தூக்கிப் போட்ட பழைய கார் கவர், வெள்ளிக் கலர்ல பளபளன்னு இருந்துச்சு, அதுலயே தச்சுக் குடுத்தேன். அளவெடுக்கக் கூட இறங்கல. எல்லாம் வாக்கி டாக்கியிலதான், மார்பு எவ்வளவுன்னு கேட்டுட்டுப் போயி ஒரு பாவாடைக்கு ஓரம் அடிச்சு முடிச்சா பதில் வரும். தலைக்குத் தண்ணி கேன். அடியை அறுத்துட்டுக் கவுத்துக்கிட்டா தோள்ல நிக்குது. மேல மூடி இருக்குல்ல, அதத் திறந்து விட்டுக்கிட்டுத்தான் மூச்சு விடுறாரு. அது எங்கருந்து வர்ற காத்துன்னு நான் கேக்கல. குடும்பம் நடத்தணும்னா எல்லாத்தையும் கேக்கக் கூடாது.

சிரிக்கிறீங்க. சிரிங்க, பரவால்ல. செக்ரட்டரியும் மொதல்ல சிரிச்சாரு. அப்புறம் மாடி பொது இடம், காலி பண்ணச் சொல்லுங்கன்னு வந்து நின்னாரு. வாக்கி டாக்கியை வாங்கி அவரே சட்டம் பேசுனாரு. பேசி முடிச்சு நிமிர்ந்தாரு, மேலருந்து பதில் வந்துச்சு, உப்பு கொஞ்சம் கம்மின்னு. அது நான் முன்னாடி கேட்டதுக்கு. செக்ரட்டரிக்கு மூஞ்சி செவந்து போச்சு. விறுவிறுன்னு படியேறி மாடிக் கதவைத் தள்ளிட்டுப் போயிட்டாரு. இவரு அந்தக் கார் கவரும் கேனுமாப் பதறி ஓடி வந்து, ரெண்டு கையையும் ஆட்டி, கழுத்தைப் புடிச்சுக் காட்டி, காத்து இல்ல காத்து இல்லன்னு சைகை பண்ணியிருக்காரு. அந்த மனுஷனுக்கு என்ன ஆச்சோ தெரியல தம்பி, மூச்சைப் புடிச்சுக்கிட்டாரு! அப்படியே திரும்பி, கன்னமெல்லாம் உப்பிப்போயி, இந்தா இந்த வாசல்ல வந்துதான் புஸ்ஸுன்னு விட்டாரு. நான் தண்ணி குடுத்தேன். குடிச்சுட்டு, அது என் கார் கவர்தானேன்னு மட்டும் கேட்டுட்டுப் போனாரு. அதுக்கப்புறம் இந்தப் பக்கம் வர்றதில்ல.

பையன்கிட்டச் சொன்னா, அம்மா நீ எதுக்கு இதுக்கெல்லாம் ஒத்து ஊதறங்கறான். அவனுக்கு எப்படிச் சொல்றது? அவரு வேலையிலருந்து வந்தா கை கழுவுவாரு, சாப்பிடுவாரு, அந்த நாற்காலியில உக்காருவாரு. என்ன கேட்டாலும் ம். உடம்பு முடியலன்னாலும் ம், பையன் பாஸாயிட்டான்னாலும் ம். கெட்டவரு கிடையாது, ஒரு நாள் கை ஓங்குனதில்ல. பேச்சு மட்டும் வராது. நான் பாட்டுக்கு மெஷினோட பேசிக்கிட்டுக் கெடப்பேன்.

மேல போனதுக்கப்புறம் வாய் ஓயல தம்பி! தினம் சாயந்திரம் அறிக்கைன்னு ஒண்ணு வாசிப்பாரு. இன்னிக்கு ஒரு ஜீவராசியப் பாத்தேன், சாம்பல் கலரு, ரெண்டு காலு, என்னைப் பாத்துப் பயப்படலம்பாரு. புறா. எனக்குத் தெரியும் புறான்னு. இருந்தாலும் கேக்க நல்லாருக்கும். அப்புறம் மெல்ல மெல்லப் பழசெல்லாம் வர ஆரம்பிச்சுது. கல்யாணமான புதுசுல ஒரு நாளு குழிக்குள்ள மாட்டிக்கிட்டாராம். கத்திப் பாத்தாராம், யாருக்கும் கேக்கல. லிஃப்ட் பெட்டி மேலருந்து இறங்கி வந்தா நசுங்கிச் சாக வேண்டியதுதான்னு செவுத்தோட செவுறா ஒட்டிக்கிட்டு நின்னாராம். அப்ப என் முகத்தை நெனச்சுப் பாக்கணும்னு கண்ணை மூடுனா, கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தானே, மூக்கு ஞாபகம் வருதாம், கண்ணு வரலையாம். வீட்டுக்குப் போனதும் நல்லாப் பாத்து வச்சுக்கணும்னு நெனச்சாராம். எனக்கு அந்த நாளு ஞாபகம் இருக்கு. சாப்பிடாம என் மூஞ்சியவே பாத்துக்கிட்டிருந்தாரு. சோத்தைப் பாத்துச் சாப்பிடுங்கன்னு நான் எரிஞ்சு விழுந்தேன். என்ன ஏதுன்னு நான் தெரிஞ்சுக்க அவரு வேற கிரகத்துக்கே போக வேண்டியிருந்துச்சு.

இருங்க, இந்தக் காலைக் கொஞ்சம் நீட்டிக்கிறேன். கட்டு பிரிச்சாச்சு, வீக்கம்தான் போகல. ஸ்டூல்ல ஏறி விளக்கு மாட்டும்போது விழுந்துட்டேன். எழ முடியல. வாக்கி டாக்கி தரையில கைக்கெட்டற தூரத்துல கெடந்துச்சு. விழுந்துட்டேங்கன்னு ஒரு வார்த்தைதான் சொன்னேன். இதுக்கும் அரிசி வேகற நேரம் ஆகுமோன்னு மனசுல ஓடுது, அதுக்குள்ள படியில தடதடன்னு சத்தம். அந்த டிரஸ்ஸு, அந்தக் கேனு, எல்லாத்தோடயும் வந்து நிக்கிறாரு. என்னைத் தூக்கி முதுகுல போட்டுக்கிட்டு அஞ்சு மாடியும் இறங்கினாரு. முழங்கால் வலிக்கிற மனுஷன்! ஆஸ்பத்திரியில எல்லாரும் வழி விட்டுட்டாங்க. சீட்டு எழுதுற பொண்ணு எங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்துட்டு, இதுல பேஷண்ட் யாருன்னு கேட்டுச்சு. ஒரு குழந்தை வந்து கேனைத் தட்டிப் பாத்துச்சு. இவரு ஆடாம அசையாம என் கையப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. அம்மா எப்படி விழுந்தாங்கன்னு டாக்டர் கேக்குறாரு. இவரு சொன்ன பதில் என்ன தெரியுமா? ம்.

பழைய ம் திரும்பி வந்துருச்சு தம்பி. காலு வலி கூடத் தெரியல. வண்டியில வீடு வர்ற வரைக்கும் கேட்டுக்கிட்டே வந்தேன், பயந்துட்டீங்களா, முழங்கால் என்ன பண்ணுதுன்னு. ம். ம். என்னைப் படுக்க வச்சுத் தலகாணி நகத்திக் குடுத்துட்டு மேல போனாரு. போயிச் சேந்ததும் வருது குரலு, அன்னிக்குப் பேசுன மாதிரி என்னிக்கும் பேசுனதில்ல. உயிரே போயிருச்சும்மான்னாரு. அம்மான்னு கூப்பிட்டாரு. நீ விழுந்து கெடக்கறப்ப மோட்டார் ரூமுல நான் என்னத்தக் கிழிச்சுக்கிட்டிருக்கேன்னு விக்கி விக்கி அழுதாரு.

டைம் பாக்குறீங்க. ஆமா, ரொம்ப நேரமாப் பேசிட்டேன். மேல போயித்தான் ஆகணுமா? பையனுக்கு என்னன்னு சொல்லுவீங்க? மெல்ல மெல்லப் பேசி இறக்கிரலாம்னு தோணுதா? அதெல்லாம் ஒரு வேலையே இல்ல தம்பி, அவரை இறக்கறது. ஆஸ்பத்திரி போயிட்டு வந்த மறுநாளே சொல்லிட்டாரே, போதும், நான் இறங்கி வந்துர்றேன், வந்து கூட்டிட்டுப் போகச் சொல்லுன்னு. பாயைக் கூடச் சுருட்டிட்டாரு. கப்பல் இன்னும் கிளம்பலன்னு நான்தான் சொல்லிட்டேன்.

பையனுக்குத் தெரியாது. இப்ப உங்களுக்குத்தான் சொல்றேன். மருந்து எழுதித்தான் ஆகணும்னா என் பேருக்கு எழுதிக்கங்க. மொதல்ல வானிலை சரியில்லன்னேன். அப்புறம் ஓட்டற ஆளு லீவுல போயிருக்காருன்னேன். ரெண்டையும் சொல்லி முடிச்சு வேற எதுவும் தோணாம, போன வாரம் எஞ்சின்ல கோளாறுன்னு சொல்லி வச்சிருக்கேன்.

நம்புறாரான்னா கேக்குறீங்க? தெரியல தம்பி. காலம் பூரா மோட்டாரோட கட்டிப் பொரண்ட மனுஷன். எஞ்சின்ல கோளாறுன்னு காதுல விழுந்தா எந்த இடத்துல, என்ன சத்தம் வருதுன்னு கேக்காம விடுவாரா? கேக்கவே இல்லையே. சரின்னுட்டு, அன்னிக்குப் பாத்த ஒரு மேகத்தைப் பத்திப் பேச ஆரம்பிச்சுட்டாரு.