பச்சைப் புத்தகத்தில் தங்கை முகம்

ஹலோ... ஹலோ... நில அலுவலகமா? மொல்லாதானே பேசறது?... நான்தாம்ப்பா, தெசெமா. ஆத்தோரத்து தெசெமா... எந்த தெசெமாவா? ஊர்ல மூணு பேர் இருக்கட்டும், அலிகாஸ் மகன் தெசெமா ஒருத்தன்தான்.

நல்லாருக்கியா?... கடவுளுக்கு நன்றி. ஆத்தா நல்லாருக்காளா?... கடவுளுக்கு நன்றி. மாடு கன்னு?... ஏன் அவசரப்படுத்தறே? நலம் விசாரிக்காம விஷயத்துக்கு வர நான் என்ன வரி வாங்க வந்தவனா? உன் ஞானஸ்நானத்துக்கு ஆடு கொடுத்தவன்ப்பா நான்... ஆமா, கொழுத்த ஆடுதான். சரி, கேளு.

புதுச் சட்டம் வந்திருக்காமே. நிலத்துக்குக் கொடுத்த பச்சைப் புத்தகத்தை பேங்க்ல வெச்சா கடன் தருவாங்களாமே... ஆமா, ஆமா... எனக்கு ஒரு தண்ணி மோட்டார் வேணும். ஆறு கீழே ஓடுது, என் வெங்காயம் மேலே காயுது. எதிர்க்கரையில நேத்து முளைச்ச பய மோட்டார் போட்டு ரெண்டு போகம் எடுக்கறான். நான் குடத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன்.

ஆனா ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதே. ராஜா காலத்துல நிலம் பிரபுவோடதுன்னாங்க. பட்டாளத்துக்காரன் வந்து, உழுறவனுக்கே நிலம்னான், சொல்லிட்டு அவனே வெச்சுக்கிட்டான். அப்புறம் நீங்க வந்தீங்க. நிலம் அரசாங்கத்தோடது, நீ உழுதுக்கோ, விக்காதேன்னீங்க. இப்போ அடகு வெய்யின்னு சொல்றீங்க. என்னோடது இல்லாததை நான் எப்படிப்பா அடகு வெக்கறது?... நிலத்தை இல்லே, உழுற உரிமையையா? ஓஹோ. கோழி உங்களோடது, முட்டையிடற உரிமை மட்டும் என்னோடது!... சிரிக்காதே. பெரிய மனுஷன் பேசறேன்.

சரி, என்ன கொண்டுவரணும்?... புத்தகம். சரி... புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் நேர்ல வரணுமா?... உம்... புத்தகத்துல ஒட்டின படத்தோட முகத்தை ஒத்துப் பாப்பாங்களா?... உத்துப் பாப்பாங்களா?... இல்லே, சும்மா கேட்டேன்... ஒண்ணுமில்லேப்பா... பக்கத்துல யாராவது இருக்காங்களா?... யாருமில்லையே? சரி, மெதுவா பேசு.

ஒரு சின்னப் பிசகு. அதுல என் படம் என் படம்தான். பொண்டாட்டி படம் இருக்க வேண்டிய எடத்துல... அஸ்னாக்கு இருக்கா... எந்த அஸ்னாக்குவா? என் கூடப் பொறந்தவ, வேற யாரு!... பேரு சரியாத்தான் இருக்கு, தாங்குட்னு. முகம்தான் வேற... பதினஞ்சு வருஷமா.

அதெல்லாம் யாரும் பாக்கலே. நெதெலாத் துணியில சுத்தி பெட்டிக்கு அடியில வெச்சிருக்கேன்... ஏன், பதினஞ்சு வருஷத்துல ஒரு பொம்பளை முகம் மாறாதா? தாங்குட்டைக் கூட்டிட்டு வரேன், வயசாயிடுச்சுன்னு சொல்லு... மூக்கா? ஆமா, எங்க வம்சத்து மூக்கு கொஞ்சம் நீளம்தான். தேஞ்சுபோச்சுன்னு எழுதிக்கோ!... சரி, இல்லேன்னா படம் புடிச்சவன் தப்புன்னு எழுது. அவன் செத்துட்டான், கோவிச்சுக்க மாட்டான்...

என்னது? உனக்கு முன்னாடியே தெரியுமா? எப்படி?... காலையில யாரு வந்தா?... அஸ்னாக்குவா! அவ எதுக்கு வந்தா?... மாவு மெஷின் வெக்க அவ வீட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்தாளா?... உம்... உங்க ஆபீஸ் பதிவேட்டைப் பாத்து, அவ முகம் இன்னொருத்தன் புத்தகத்துல பொண்டாட்டியா இருக்குன்னு பேங்க்காரன் சொன்னானா... ரெண்டு புருஷக்காரின்னா சொன்னான்!... யாரு சிரிச்சா? பேரைச் சொல்லு... வரிசையில நின்ன எல்லாருமா... அலிகாஸ் மகளைப் பாத்தா சிரிச்சானுங்க...

சரி. சரி, நான்தான். அதை எப்படித் திருத்தறது?... ஞாயித்துக்கிழமை, கோயில் முடிஞ்சு, ஊர்க் கூட்டத்துல நானே எழுந்து சொல்லணுமா? முடியாது. என் தலை இருக்கற வரைக்கும் முடியாது... சொல்லாமலே நான் கண்ணை மூடிட்டா என்னாகும்?... என்ன சொல்றே?... பாதி நிலம் படத்துல இருக்கறவளுக்கா? அப்போ தாங்குட்டுக்கு?... ஒரு கைப்பிடி மண்ணு கூட இல்லையா?... கோர்ட்டுக்குப் போய் அலையணுமா... தெஃப் தானிய வயல்ல குனிஞ்சு களையெடுத்தவ அவப்பா. நான் வரப்புல நின்னு பாத்தவன்...

இரு. இரு, மொல்லா. வெச்சுடாதே.

தாங்குட்... நீ எப்போ வந்தே? அந்தக் காபியைக் கீழே வெய்யி... எவ்வளவு நேரமா நிக்கறே?... எல்லாத்தையும் கேட்டியா?

உக்காரேன்... சரி, நில்லு. சொல்றேன். அந்த வருஷம் நீ கோவிச்சுக்கிட்டு உங்கப்பன் வீட்டுக்குப் போனியே. பெரியவங்க நாலு பேரோட வந்து நான் கூப்பிட்டிருக்கணும். என் முழங்கால் வளையலே. அந்த நேரம் பாத்து நிலப் புத்தகத்துக்குப் படம் புடிக்கறவன் வந்தான், ஒரே நாளு. பொண்டாட்டி இல்லாமப் போய் நின்னா, அலிகாஸ் மகன் பொண்டாட்டி ஓடிட்டான்னு ஊரு சொல்லும். அஸ்னாக்குவை முக்காடு போடச் சொல்லி இழுத்துட்டுப் போனேன். பாவம், அவ அழுதா... அப்புறம் மழைக்கு முன்னாடி நீயே நடந்து வந்தே. களையெடுக்க ஆளில்லேன்னு. நான் வாசல்ல நின்னு 'வந்துட்டியா'ன்னு கேட்டேன். அதுக்கு மேல ஒரு வார்த்தை வரலே... தப்பு என்னோடது, தாங்குட். உன் மேல இல்லே, அஸ்னாக்கு மேல இல்லே. என்னோடதுதான்.

ஹலோ? மொல்லா? என்ன சத்தம் அது? யாரு கை தட்டறது?... யாருமில்லேன்னு சொன்னியே!... ஸ்பீக்கர்லயா போட்டிருக்கே? எப்போலேர்ந்து?... அந்தக் கோழி முட்டைப் பேச்சுலேர்ந்தேவா! அடப்பாவி! அந்த ஆட்டைத் திருப்பிக் கொடு!... அஸ்னாக்குவும் அங்கேதான் இருக்காளா?... வரிசை பூரா இருக்கா...

என்ன?... ஊரே கேட்டாச்சு, கூட்டம் வேண்டாமா? அது ஒரு நல்ல சேதி. இனி என்ன?... தாங்குட் சம்மதிச்சுப் புதுப் படம் எடுத்துக்கணும். அவ்வளவுதானே? இரு, கேக்கறேன்.

தாங்குட், படம் எடுக்க வர்றியா?... வர்றாளாம்ப்பா!... என்ன, வீட்டுலேர்ந்து வர மாட்டியா? பின்னே?... உங்கப்பன் வீட்டுலேர்ந்தா? அவரு போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாச்சேடி... தம்பி இருக்கானா. சரி... நாலு பெரியவங்களோட நான் வந்து கேக்கணும். உம்... உன்னைக் கோவேறு கழுதை மேல ஏத்தி, கயித்தைப் புடிச்சுக்கிட்டு நான் முன்னாடி நடக்கணும். நில அலுவலகம் வரைக்கும்... என்னைக்கு?... வியாழக்கிழமையா? அன்னைக்குச் சந்தையாச்சேம்மா, நாலு ஊரு ஜனம் நிக்குமே...

அதனாலதாங்கறா, மொல்லா. மூட்டை கட்ட உள்ளே போயிட்டா.

அஸ்னாக்கு... கேக்குதா? அண்ணன் பேசறேன்... திட்டு, திட்டு, அப்புறமா திட்டு. இந்த ஊர்ல கோவேறு கழுதை உன் வீட்டுலதான் இருக்கு. வியாழக்கிழமை ஒரு நாளைக்கு... எப்படிக் கேக்கணும்?... உனக்கு மட்டும் கேக்கலையா? ஸ்பீக்கர்ல போட்டிருக்கு, பாதி ஊருக்குக் கேக்குது!... சரி. தயவு செஞ்சு... இன்னும் சத்தமாவா?

தயவு செஞ்சு கொடும்மா!

ஹலோ?... கொடுக்கறியா இல்லையா?... ஹலோ?... சிரிச்சுக்கிட்டே வெச்சுட்டா.