மீனுக்கும் ஷிப்டு

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து இராஜபாளையம் போகும் டவுன் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் மில் தொழிலாளிகள் இருவர் உட்கார்ந்திருந்தார்கள். இருவர் காதோர முடியிலும் குளித்தும் போகாத பஞ்சு ஒட்டியிருந்தது. இளையவரின் மடியில் தண்ணீர் நிரப்பிய பாலிதீன் பை. உள்ளே ஒரு தங்கமீன்.

“மீனுக்கும் ஷிப்டு போட்டுட்டேன் அண்ணாச்சி. அதான் பழைய மூணும் செத்துப்போச்சு.”

“என்னலே சொல்லுத?”

“நமக்கு வாரத்துக்கு வாரம் ஷிப்டு மாறுதுல்ல. நான் முழிச்சிருக்கையில தொட்டி லைட்டைப் போடுவேன், தூங்கையில அணைச்சிருவேன். நைட் ஷிப்டு வாரத்துல பகல் பூரா வீடே இருட்டுதான்.”

“எம்புட்டு நேரம் போடணுமாம்?”

“எட்டு மணி நேரம் போதுமாம். ஆனா காலையில ஒம்பதுக்குப் போட்டா, என்னைக்கும் ஒம்பதுக்குத்தான் போடணும்னு மீன் கடைக்காரரு சொன்னாரு.”

“மாத்துனா என்ன செய்யும்?”

“மொதல்ல தீனி எடுக்காதாம். பொறவு ஒரு மூலையில போயி சும்மா நின்னுக்கிடுமாம்.”

பெரியவர் குனிந்து பையைப் பார்த்தார். மீன் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது.

“வேற என்ன சொன்னாரு?”

“வாராவாரம் நேரத்தை மாத்துனா எந்த உசுரும் தாங்காதுன்னாரு. பொறவு, நீங்க என்ன வேலை பாக்கீகன்னு கேட்டாரு.”

“நீ என்ன சொன்ன?”

“மீனை வாங்கிட்டு வந்துட்டேன் அண்ணாச்சி.”

மில் ஸ்டாப் வந்தது. பெரியவர் சாப்பாட்டுத் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“எனக்கு இந்த வாரம் நைட்டு” என்று சொல்லிவிட்டு இறங்கினார்.