பாஞ்சாலையின் மூக்கு

கெளுத்தி மீனைக் கையில் பிடிப்பது பெரிய வித்தையில்லை. முள் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, அவசரப்படாமல் பிடித்தால் போதும். என் மாணவர்கள் பலர் குத்து வாங்கி, விரல் வீங்கி, வீட்டுக்குப் போய்ப் படுத்திருக்கிறார்கள். எனக்கு அப்படி நேர்ந்ததில்லை. எந்த உயிரையும் பதற்றமில்லாமல் கையாள வேண்டும் என்பது என் பழக்கம்.

என் பெயர் முருகையன். கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் வேர்க்கடலை பயிரிட்ட குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள். திருவண்ணாமலையில் விலங்கியல் ஆசிரியராக வேலை பார்த்துக்கொண்டே மோப்பப் புலனைப் பற்றி ஆராய்ந்தேன். கலங்கிய ஏரித் தண்ணீரில் கெளுத்தி கண்ணை நம்பி இரை தேடுவதில்லை. அதன் மோப்ப நரம்பை வெட்டிவிட்டால், பக்கத்தில் மண்புழு கிடந்தாலும் தேடாது. சில வாரம் கழித்து நரம்பு மறுபடி வளரும். ஒருநாள் அந்த மீன் புழு இருக்கும் பக்கம் மெல்லத் திரும்பும். அதைப் பார்ப்பதற்காகவே நான் பிறந்தேன் என்று நினைத்திருக்கிறேன்.

அந்த நாளில் இந்தத் துறையில் இருந்தவர்கள் எல்லாரையும் ஒரு வேனில் ஏற்றிவிடலாம். ஆண்டுக்கு ஒருமுறை சென்னையிலோ பெங்களூரிலோ கூடுவோம். பெரிய நிறுவனங்களின் ஆட்கள் முன்வரிசையில் உட்காருவார்கள். என்னைக் கெளுத்தி வாத்தியார் என்பார்கள். அவர்களில் சக்கரவர்த்தி என்னோடு படித்தவன், வேலூர்க்காரன். பெங்களூரில் பெரிய பதவிக்குப் போன பிறகும் டா போட்டுத்தான் பேசுவான். அவன் ஒருவன்தான் என் கட்டுரைகளைக் கடைசிவரை படித்தவன்.

பாஞ்சாலை என் மனைவி. எங்களுக்குக் குழந்தை இல்லை. எங்கள் பக்கத்தில் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கும்போது, படைத்து முடிக்கும்வரை யாரும் ருசி பார்க்கக்கூடாது. வெல்லம் போதுமா, அடி பிடிக்கிறதா, இறக்கலாமா என்பதெல்லாம் ஆவியை வைத்துத்தான். பானைக்கு மேல் முகத்தைக் காட்டிவிட்டு அவள் சொன்னால் அது சரியாகவே இருக்கும். இரண்டு குடும்பத்திலும் பானை அவள் பொறுப்பு.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்கில் அவளுக்கு விஷக்காய்ச்சல் வந்தது. பிழைத்தாள், மோப்பம் போய்விட்டது. மல்லிகையும் சாக்கடையும் அவளுக்கு ஒன்றாயின. டாக்டர் அதை ஒரு குறையாகவே எடுத்துக்கொள்ளவில்லை. பொங்கல் பானை என் அண்ணியிடம் போனது. பாஞ்சாலை அதைப் பற்றிப் பேசமாட்டாள். ஆடி மாதம் வந்தால் முகம் வாடும். எனக்கும் வருத்தமாக இருந்தது. அதே சமயம், மீனை விட்டு ஒரு மனித உயிரைப் படிக்க எனக்கு வாய்ப்பு கிடைத்திருப்பதையும் நான் கவனித்தேன்.

அவளுக்குப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்தேன். மீனுக்கு நரம்பு வளருமென்றால் மனிதருக்கும் வளரும், தினமும் தூண்டினால் சீக்கிரம் வளரும் என்பது என் எண்ணம். காலையில் கல்லூரிக்குக் கிளம்பும்முன், அவள் கண்ணை வேட்டித் துணியால் கட்டி, சின்னச் சீசாக்களை ஒவ்வொன்றாக நீட்டுவேன். மருக்கொழுந்து, பெருங்காயம், மீன் கழுவிய தண்ணீர், சாம்பிராணி, நெய். மணம் செத்துப்போன சீசாவை நீட்டினால் சோதனை கெட்டுவிடும் என்பதால், ஒவ்வொன்றையும் முதலில் நான் முகர்ந்து பார்த்துவிட்டே அவளிடம் கொடுப்பேன். அந்த அளவுக்கு நான் ஒழுங்கானவன்.

வருடக்கணக்கில் ஒன்றும் நடக்கவில்லை. என் கட்டுரைகள் திரும்பி வந்துகொண்டிருந்தன. சென்னைக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சக்கரவர்த்தி, "இன்னாடா முருகையா, கெளுத்தி போயி இப்ப பொண்டாட்டிய தொட்டியில வுட்டுட்டியா?" என்று கேட்டான். முன்வரிசை சிரித்தது. ஊர் திரும்பிய மறுநாள் வழக்கம்போலச் சீசாக்களை எடுத்தேன். இதோடு விட்டுவிடலாம் என்று அவளிடம் சொன்னேன். அன்றைக்குத்தான் அவள், தயங்கித் தயங்கி, "மருக்கொழுந்துங்களா?" என்றாள்.

நான் அழுதேன். அதை மறைக்க விரும்பவில்லை.

அதன்பிறகு ஒவ்வொன்றாகத் திரும்ப வந்தன. பெருங்காயம், நெய், பிறகு மற்றவை. சில நாள் தவறாகச் சொல்வாள், பெரும்பாலும் சரியாகச் சொல்வாள். மீன்களும் அப்படித்தான். எண்பதில் என் கட்டுரை வெளிநாட்டு ஏடு ஒன்றில் அச்சானது. முன்வரிசையில் எனக்கு நாற்காலி போட்டார்கள். எண்பத்து மூன்றில் எங்கள் தெருவுக்கு கேஸ் அடுப்பு வந்தது. கொண்டுவந்து மாட்டிய ஆள், "நாத்தம் வந்தா ஜன்னல தொறந்துடுங்கம்மா, தீக்குச்சியத் தொடாதீங்க" என்றான். அவள் தலையாட்டினாள். அந்த வாயுவுக்குச் சொந்தமாக மணம் கிடையாது, மனித மூக்கை நம்பித் தொழிற்சாலையில் சேர்க்கிறார்கள் என்று நான் அவளுக்கு விளக்கினேன்.

மறு ஆண்டு சக்கரவர்த்தி ஒரு செய்தியோடு வந்தான். பாஞ்சாலையை அவனே நேரில் சோதித்து உறுதிசெய்தால், திருவண்ணாமலையில் ஒரு ஆராய்ச்சி நிலையம், அதற்கு நான் தலைவர். ஆவணியில் தன் ஆட்களோடு வருவதாகச் சொன்னான். "நீ வெளிய போயி ஒரு டீ சாப்ட்டு வா. நானும் தங்கச்சியும் பாத்துக்கறோம்" என்று அவள் காதுபடச் சொல்லிச் சிரித்தான். அவள் காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அந்த ஆடியில் ஊருக்குப் போனோம். மோப்பம் திரும்பிய பிறகும் பானையை வாங்கிக்கொள்ளாமல் ஏதேதோ சாக்குச் சொல்லி வந்தவளை, இந்த முறை நான் வற்புறுத்தினேன். ஆண்கள் நாங்கள் தள்ளி வேப்பமரத்தடியில் நின்றோம். கொஞ்ச நேரத்தில் அடிப்பிடித்த வாசனை அங்கேவரை வந்தது. எல்லாரும் பானையைப் பார்த்தார்கள். பாஞ்சாலை பானைக்கு நேர் மேலே முகத்தை வைத்து, நிதானமாகக் கிளறிக்கொண்டிருந்தாள். "யக்கா, தீயுது" என்று அவள் தங்கை எல்லம்மாள் ஓடிவந்து கரண்டியைப் பிடுங்கும்வரை அவளுக்குத் தெரியவில்லை. ருசி பார்க்காத பொங்கல், தீய்ந்த பொங்கலாகவே படைக்கப்பட்டது.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். கோபப்படவில்லை. அவளும் அழவில்லை.

"நீங்க மொதல்ல மோந்து பாப்பீங்க இல்ல, அந்த மூச்சு எனக்குக் கேக்கும்ங்க. மருக்கொழுந்துன்னா நீளமா இழுப்பீங்க. பெருங்காயம்னா கடைசியில தொண்டையச் செருமுவீங்க. மீன் தண்ணின்னா சட்டுனு நிறுத்திடுவீங்க. இத்தினி வருசம் கூட இருக்கறேன், இது தெரியாதா?"

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"அன்னிக்கு நீங்க அழுதீங்க. அதுக்கப்புறம் எப்பிடிங்க இல்லேன்னு சொல்றது?"

பிறகு அவளே ஒரு வழி சொன்னாள். சக்கரவர்த்தி வரும்போது நான் அறையில் ஒரு மூலையில் நின்றால் போதும். அவன் சீசாவைத் திறந்ததும் எனக்கும் மணம் வரும். நான் வழக்கம்போல மூச்சு விட்டால் அவள் சொல்லிவிடுவாள். அது மோசடி என்று சொன்னேன். அப்படியானால் அவள் ஊருக்குப் போய்விட்டதாகச் சொல்லிவிடலாம் என்றாள். அது பொய். தெரியவில்லை என்று உண்மையைச் சொல்லிவிடட்டுமா என்றும் கேட்டாள்.

நான் யோசித்தது இதுதான். அவளுக்கு மோப்பம் இல்லவே இல்லை என்று அந்தப் பொங்கலோ அவள் பேச்சோ நிரூபிக்கவில்லை. நரம்பு ஓரளவு வளர்ந்திருக்கலாம். காது எல்லா வேலையையும் செய்துவிட்டதால் மூக்கு சோம்பிக் கிடக்கலாம். வயிறு நிறைந்த கெளுத்தி புழுவைத் தேடாது. சோதனைக்குமுன் நான் மீன்களைப் பட்டினி போடுவது அதற்காகத்தான். தேவை வந்தால்தான் புலன் விழிக்கும். சீசாவைத் தவறாகச் சொன்னால் பாஞ்சாலைக்கு எந்த நஷ்டமும் இல்லை. காதுக்கு வேலையே இல்லாத, மூக்கு விழித்தே ஆகவேண்டிய ஒரு சோதனை தேவைப்பட்டது. சக்கரவர்த்தி வருவதற்குமுன் அதை நான் செய்து பார்த்துவிட வேண்டும் என்று முடிவுசெய்தேன்.

ஒரு காலை, அவள் முன்னறையில் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, சமையலறைக்குப் போனேன். அடுப்பின் குமிழை நான் தொடவில்லை. பற்றவைக்குமுன் அவள் அதைத் தடவிப் பார்ப்பாள் என்று தெரியும். குழாயைத்தான் தளர்த்தினேன், சீறல் கேட்காத அளவுக்கு. ஜன்னல்களைச் சாத்தினேன். மலைக் குரங்குகள் வீட்டுக்குள் வருவதால் எங்கள் தெருவில் பகலில் எல்லாரும் சாத்தித்தான் வைப்பார்கள். அதில் வித்தியாசம் ஒன்றுமில்லை. கதவையும் சாத்திவிட்டு அவளைத் தாண்டி வாசலுக்குப் போகும்வரை மூச்சை அடக்கிக்கொண்டேன். இந்த முறை அவளுக்கு என் உதவி கிடைக்கக்கூடாது. செருப்பு மாட்டினேன், சைக்கிளை எடுத்தேன். வகுப்புக்கு நேரத்தோடு போய்விட்டேன். அன்று பாடம் தவளையின் காது.

பக்கத்து வீட்டுச் சந்திரம்மாள்தான் முதலில் உள்ளே ஓடியவள். சத்தம் கேட்டபோது வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்ததாகவும், ஏதோ டயர் வெடித்தது என்று நினைத்ததாகவும் பிறகு சொன்னாள். பாஞ்சாலையை வாழையிலையில் கிடத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். நான் போனபோது நினைவோடு இருந்தாள். முகத்தைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை.

என் காலடி கேட்டதும், "வந்துட்டீங்களா?" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "காலையில போறப்ப மூச்சே வுடாம போனீங்க. இன்னாவோ எம்மேல கோவம்னு நெனச்சேன்" என்றாள்.

கோபமில்லை என்று சொன்னேன். அது உண்மை. அதற்குப் பிறகு நான் பேசும்போதெல்லாம் பேச்சை விட்டுவிட்டு வேறெதையோ உற்றுக் கேட்பதுபோலத் தலையை என் பக்கம் சாய்த்து வைத்திருந்தாள்.

மாலையில் மாஜிஸ்திரேட் வந்து மரண வாக்குமூலம் எடுத்தார். வாயு நாற்றம் தெரியவில்லையா என்று கேட்டார். "எனக்கு வாசன நல்லாத் தெரியும்ங்கய்யா. எங்க வூட்டுக்காரரு குணமாக்கிட்டாரு. இன்னிக்கு சளி, மூக்கடைப்பு. அதான் தெரியல" என்றாள். யார்மேலாவது சந்தேகம் உண்டா என்பதற்கு இல்லை என்றாள். மறுநாள் விடியும்போது இறந்தாள். அவளுக்குச் சளி இல்லை. சாகும் நேரத்தில் ஒரு அதிகாரியிடம் அவள் பொய் சொன்னது எனக்கு இன்றும் வருத்தம்தான். அறிவியலோடு இத்தனை காலம் வாழ்ந்தும் உண்மையின் மதிப்பு அவளுக்குப் பிடிபடவில்லை.

சக்கரவர்த்தி சோதிக்க வரவேண்டிய நாளுக்கு முன்பே, காரியத்துக்கு வந்தான். என்னைக் கட்டிக்கொண்டு அழுதான். "தங்கச்சிய நான் சந்தேகப்பட்டேன்டா" என்று அவன் சொன்னபோது நான் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். அந்த வாக்குமூலத்தையே சான்றாக வைத்துப் பேசி, நிலையத்துக்கு அவன் அனுமதி வாங்கித் தந்தான். போன வருடம்வரை அதன் தலைவராக இருந்து ஓய்வு பெற்றேன். நுழைவாசலில் பாஞ்சாலையின் படம் இருக்கிறது.

இப்போது செங்கம் சாலையில், ஆசிரமத்துக்குப் பக்கத்தில், ஒரு வாடகை அறையில் இருக்கிறேன். மனைவியைத் தீயில் பறிகொடுத்தவன் என்று இங்கே எல்லாரும் என்னிடம் இதமாகப் பேசுகிறார்கள். அவளை நான் கொன்றேன் என்று இதைப் படிப்பவர்கள் சொல்லலாம். குழாயைத் தளர்த்தியது நான், ஜன்னலைச் சாத்தியது நான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவள் மட்டும் அந்த வாசனையை உணர்ந்து ஜன்னலைத் திறந்திருந்தால், அன்று இந்த ஊரிலேயே என்னைவிட மகிழ்ந்தவன் யாரும் இருந்திருக்க முடியாது.

எண்பதில் வந்த கட்டுரையை நான் இன்னும் திரும்பப் பெறவில்லை. ஒரே ஒரு முறை செய்த சோதனையைக் கொண்டு ஒரு முடிவை மறுப்பது முறையல்ல. மறுபடி செய்து பார்க்கலாமென்றால், அவள் இல்லை.