மச்சானுக்குக் கிண்டிய களி

உளுந்தங்களி கிண்டும்போது அகப்பையிலிருந்து கையை எடுக்கக் கூடாது, இன்ஸ்பெக்டர் ஐயா. எடுத்தால் கட்டி தட்டிவிடும். அதற்குப் பொறுமை வேண்டும், எனக்கு உண்டு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் ஆத்திரத்தில் செய்ததாகக் கெசியா உங்களிடம் சொல்லியிருக்கிறாள். ஆத்திரத்தில் களி கிண்ட முடியாது.

கெசியா என் தங்கை. செத்துப்போன பாக்கியசீலன் அவள் புருஷன், கோர்ட்டில் தலைமைக் குமாஸ்தா. நான் எலியேசர். பாளையங்கோட்டை மார்க்கெட்டில் அப்பா காலத்திலிருந்து கருப்பட்டி மொத்த வியாபாரம். ‘வேண்டாம்’ என்று சொல்லிவிட்டு இறங்குகிறவரைக் கடைசிப் படியில் நிறுத்தி, திரும்ப மேலே ஏற்றி, ஒரு சிப்பம் கருப்பட்டியோடு அனுப்புவது அப்பாவின் வழக்கம். நானும் அந்தப் படியில் உட்கார்ந்து பார்த்து வளர்ந்தவன்தான். என்னால் அப்படி நிறுத்த முடியாமல் போன மனிதர் ஒருவர்தான். அவர் எங்கள் வீட்டு மாப்பிள்ளையாக வாய்த்தார்.

மச்சானுக்குக் கருப்பட்டி என்றாலே இளக்காரம். துரைமார் வீட்டில் சீனி போட்ட தேத்தண்ணீர் குடித்துப் பழகிய நாக்கு. என் மகள் சாலோமி கல்யாணப் பந்தியில் கருப்பட்டிப் பாயசத்தை ஒரு வாய் வைத்துவிட்டு, குருவானவர் காதிலும் விழும்படி, “வே மச்சான், இதுல காலக் கழுவலாம், குடிக்க முடியாதுவே” என்றார். பந்தியே சிரித்தது. எல்லோரையும்விட அதிக நேரம் சிரித்தவன் நான். சம்பந்தி வீட்டார் பாயசத்தை ஒதுக்கி வைப்பதைப் பார்த்துக்கொண்டே சிரித்தேன்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே ஆசை. அந்த வாய் ஒரு தடவையாவது கருப்பட்டியை நல்லது என்று சொல்ல வேண்டும். இது பேராசையா, நீங்களே சொல்லுங்கள்.

தில்லி தர்பாருக்காகப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தார்களே, அந்த வருஷம் மச்சானுக்கு நீரிழிவு என்று டாக்டர் சொன்னார். சீனி கூடாது, இனிப்பு எதுவுமே கூடாது, சோற்றையும் குறைக்க வேண்டும். கெசியா அழுதுகொண்டே கடைக்கு வந்தாள்.

“அண்ணே, அவிய இனிப்பு இல்லாம சாப்பிட மாட்டேங்காவ. நான் அந்தப் பக்கம் திரும்புனா சீனிய அள்ளித் திங்காவ. சீனி போடாம, ஒடம்புக்கு நல்லதா ஏதாச்சும் செஞ்சு குடுங்க.”

“டாக்டர் இனிப்பே கூடாதுன்னாராமே, ஏட்டி?”

“கருப்பட்டி மருந்துல்லா?”

பார்த்தீர்களா ஐயா, அதை முதலில் சொன்னது நான் அல்ல. பிள்ளை பெற்றவளுக்குக் கருப்பட்டி, சமைந்த பெண்ணுக்குக் கருப்பட்டி, இருமுகிறவனுக்குச் சுக்கோடு கருப்பட்டி. அது மருந்து இல்லை என்று சொல்ல இந்த ஊரில் டாக்டரைத் தவிர ஆள் கிடையாது. அவரோ வெயில் வேளையில் பனைமரத்தடியில் நிழல் தேடுகிற சீமைக்காரர்.

என் வீட்டில் நானே அடுப்பு மூட்டினேன். நயம் கருப்பட்டியாகப் பார்த்துத் தட்டிக் கரைத்து, மண் போக வடிகட்டி, வறுத்தரைத்த உளுந்து மாவைத் தூவி, நல்லெண்ணெய் ஊற்றிக் கிண்டினேன். ஒரு நாள் களி, ஒரு நாள் தினைமாவு உருண்டை, ஒரு நாள் கேழ்வரகுப் புட்டு. சட்டியோடு அவர் வீட்டுக்குக் கொண்டுபோவேன். மச்சான் ஒரு கவளம் விழுங்குவார். “மருந்துதான்வே, ஒத்துக்கிடுதேன். மருந்து மாதிரியேதான் இருக்கு” என்று தட்டைத் தள்ளுவார்.

நாளடைவில் அவருக்கு இனிப்பின் மேலேயே வெறுப்பு வந்துவிட்டது. சீனி டப்பாவைத் தேடுவதுகூட நின்றது. முகம் தெளிந்தது. கொல்லையில் அவர் நீர் விடுகிற இடத்தில், அதில் இறங்கிய இனிப்புக்காக மொய்த்த எறும்பும் குறைந்தது. கெசியா தினமும் காலையில் குனிந்து அதைத்தான் பார்ப்பாள். டாக்டரைவிட எறும்பைத்தான் நம்பினாள். “ஒங்க கருப்பட்டிதான் அவியளப் பொழைக்க வச்சிருக்கு” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் ஐயா, என் சரக்கைத் தின்ன முடியாததால் ஒருவர் பிழைத்தார் என்றால், ஒரு வியாபாரி அதை எப்படிப் பொறுத்துக்கொள்வான்?

பாலம் கடந்து டவுனுக்குப் போனேன். கருப்பட்டிக்காரன் சீனி வாங்குவதை எங்கள் மார்க்கெட் பார்க்கக் கூடாது. ஆனாலும் மளிகைக்கடைச் சிவசண்முகம் அடையாளம் கண்டுகொண்டான். “என்ன அண்ணாச்சி, கருப்பட்டி கசந்துட்டோ?” என்றான். பேரப்பிள்ளைக்கு என்றேன். சாலோமிக்கு இன்னும் பிள்ளை இல்லை. பொட்டலத்தை மடித்த குடைக்குள் சொருகிக்கொண்டு திரும்பினால், பாதிப் பாலத்தில் மழை. குடையை விரிக்காமல் நெஞ்சோடு அணைத்தபடி நனைந்துகொண்டே நடந்தேன். எதிரே வந்தவர்கள் ஏதோ துக்கம் என்று நினைத்து ஒதுங்கி வழிவிட்டார்கள்.

முதல் நாள் ஒரு கரண்டிதான் போட்டேன். கறுப்புக் களியில் எது தெரியும்? மச்சான் தட்டை வழித்தார். “இன்னைக்கு என்னவே செஞ்சீரு?”

“பதம் கூடி வந்துட்டு மச்சான்.”

புது வாடிக்கைக்குக் கொஞ்ச நாள் விலையைக் குறைத்துக் கொடுப்பதில்லையா, அதைப் போலத்தான். நாக்கு பழகிய பிறகு சீனியைப் பையக் குறைத்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். ஆனால் குறைத்த விலையை ஏற்றுவது எவ்வளவு கஷ்டம் என்று எந்தக் கடைக்காரரையும் கேட்டுப் பாருங்கள். கரண்டி கூடியதே தவிரக் குறையவில்லை.

எறும்பு திரும்ப வந்தது. பாவம், அறிவில்லாத ஜென்மம். அது வந்து கெசியா மனதைக் கலக்குவானேன் என்று, அவள் எழுந்திருக்கும் முன் போய்க் கொல்லையில் மஞ்சள்தூள் தூவி வைத்தேன். மச்சான் மெலிந்தார், தொந்தி போனது நல்லதுதான் என்றேன். குடம் குடமாகத் தண்ணீர் குடித்தார், கோடை என்றேன். காலில் புண் ஆறவில்லை. நல்ல செருப்பாக ஒன்று வாங்கிக் கொடுத்தேன்.

தெரியுமா என்று கேட்கிறீர்கள். தெரியும்.

ஞாயிறு ஆராதனை முடிந்து குருவானவரும் சபையாரும், நடமாட்டம் நின்றுபோன மச்சானைப் பார்க்க வந்திருந்தார்கள். பந்தியில் சிரித்த அதே ஆட்கள். மச்சான் படுக்கையிலிருந்தபடியே என் கையைப் பிடித்தார். “மச்சான், நான் தோத்துட்டேன்வே. கருப்பட்டின்னா கருப்பட்டிதான். சீனி அதுக்குக் கிட்ட நிக்க முடியாது. இன்னும் ஒரு உருண்டை தாரும்.”

கொடுத்தேன். தின்றுவிட்டு அசந்து தூங்கினார். அப்புறம் எழுந்திருக்கவில்லை.

அடக்கம் முடிந்து பாத்திரம் கழுவப் போன கெசியா சட்டியில் ஒட்டியிருந்த களியை விரலால் வழித்து நாக்கில் வைத்தாள். அவளும் கருப்பட்டிக் கடையில் பிறந்தவள்தானே. “அண்ணே, இதுல சீனி கெடக்கு” என்றாள். நேரே உங்களிடம் வந்துவிட்டாள்.

அவளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். சீனி ‘கிடந்தது’ என்பது சரியல்ல. கடைசி நாட்களில் அது முழுக்கச் சீனிக் களிதான். நிறத்துக்கு மட்டும் ஒரு சில்லுக் கருப்பட்டி போட்டேன். கொன்றவன் நான் என்று எழுதிக்கொள்ளுங்கள், கைநாட்டு என்ன, கையெழுத்தே போடுகிறேன். ஆனால் சாகும் முன் மச்சான் சபையார் முன்னால் புகழ்ந்தது என் கருப்பட்டியைத்தான். அதையும் விட்டுவிடாமல் எழுதுங்கள்.