சபரி என்ன சொல்கிறான்?

தயிர்சாதத்தை டப்பாவில் கட்டாதே என்று அம்மாவிடம் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன், மேடம். அவள் கேட்டதில்லை. மூடியைத் திறந்தால் போதும், முன்பெஞ்சு முழுக்க மூக்கைப் பிடித்துக்கொள்ளும். 'மதராசி' என்பார்கள். நான் இங்கேயே, தாபோடியில் பிறந்து வளர்ந்தவன். மராத்தியில் அவர்களுக்குச் சமமாகச் சண்டை போடுவேன். இருந்தாலும் மதராசிதான். சபரி வந்த பிறகு என் டப்பாவை யாரும் கண்டுகொள்ளவில்லை. அந்த விதத்தில் அவனுக்கு நான் நன்றி சொல்ல வேண்டும்.

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் ஒன்பதாம் வகுப்பில் வந்து சேர்ந்தான். அவன் அப்பா கோவிந்தராஜ் கசார்வாடியில் ஒரு லேத் பட்டறைக்கு வேலைக்கு வந்தவர். ஊர் தாராபுரம் பக்கம். சபரி அங்கே தமிழில் படித்தவன். இந்தி சுத்தமாகத் தெரியாது. இங்கிலீஷை எழுத்துக்கூட்டி வாசிப்பான், யாராவது வேகமாகப் பேசினால் முழிப்பான். எங்கள் வகுப்பாசிரியை சோனியா மிஸ் அவனை என் பக்கத்தில் உட்காரவைத்து, இனி நீதான் இவனுக்கு வாய் என்று இந்தியில் சொன்னார். அந்தப் பள்ளியில் என்னை நம்பி யாரும் எதையும் ஒப்படைத்தது அதுதான் முதல் தடவை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்?

உனக்குப் பிடித்த சாப்பாடு என்ன என்று மிஸ் அவனைக் கேட்டார். நான் தமிழில் கேட்டேன். "எங்கம்மா ஆக்கற கம்மஞ்சோறு" என்றான். கம்பு என்றால் இங்கே பாஜ்ரி. வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் குளிர்காலம் முழுக்கப் பாஜ்ரி ரொட்டிதான். அதைச் சொல்லியிருந்தால் ஒருவரும் சிரித்திருக்க மாட்டார்கள். மாட்டுத் தீவனம் பிடிக்குமாம் என்று சொன்னேன். வகுப்பே சிரித்தது. என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை, என்னோடு சேர்ந்து சிரித்தது. சபரியும் சிரித்தான். தன்னை எல்லோருக்கும் பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டான். அன்றைக்கு யாருக்கு என்ன நஷ்டம்?

அன்றிலிருந்து அவனை 'சாரா' என்றார்கள். தீவனத்துக்கு இங்கே அதுதான் பெயர். அவன் அதைச் செல்லப்பெயர் என்று எண்ணி, கூப்பிட்டதும் ஓடிப்போய் நிற்பான்.

பிறகு பழக்கமாகிவிட்டது. கபடி அணித் தலைவன் ஷ்ரேயஸ் அவனை விளையாடக் கூப்பிடச் சொன்னான். ஷ்ரேயஸிடம், உங்களோடு சேர அவனுக்கு விருப்பமில்லையாம் என்றேன். சபரியிடம், உன்னைச் சேர்க்க மாட்டார்களாம் என்றேன். இடைவேளையில் என்னைத் தவிர அவனுக்கு ஆளில்லை. என்னிடம் மட்டுமே பேசினான், ஓயாமல் பேசினான். எனக்கு ஒரு நண்பன் கிடைத்தான்.

ஆகஸ்டில் பெற்றோர் கூட்டம் நடந்தது. கோவிந்தராஜும் அவர் மனைவி அகல்யாவும் வந்தார்கள். பையன் கணக்கில் கெட்டிக்காரன், மொழிதான் தடை, சனிக்கிழமைதோறும் நானே அவனுக்கு இந்தி சொல்லித் தருகிறேன் என்றார் மிஸ். அவன் கற்றுக்கொண்டுவிட்டால் நான் எதற்கு? வகுப்பில் அடங்குவதில்லையாம், இப்படியே போனால் எட்டாம் வகுப்புக்கு இறக்கிவிடுவார்களாம் என்று அவர்களிடம் சொன்னேன். மிஸ்ஸிடம், சனிக்கிழமை தோதுப்படாதாம் என்றேன். தாழ்வாரத்துக்கு வந்ததும் கோவிந்தராஜ் அவனை அறைந்தார். கையில் கிரீஸ் கறை இருந்தது, அது கன்னத்தில் ஒட்டிக்கொண்டது. அகல்யா அத்தை என் தலையைத் தடவி, "நீ இல்லாட்டி நாங்க என்ன பண்ணுவம் கண்ணு" என்றார். அத்தைக்கு நல்ல மனசு.

அதற்கப்புறம் அடிக்கடி அவர்கள் வீட்டில் சாப்பிட்டேன். ஒருநாள் பரிமாறிக்கொண்டே அத்தை சொன்னார்: "என்ற தம்பி கெணத்துல உழுந்து செத்துப்போனவன் கண்ணு. அதுலருந்து இவன நான் தண்ணிப் பக்கமே உட்டதில்ல." அதை அவர் உங்களிடமும் சொல்லியிருப்பார். அதனால்தானே நீங்கள் வந்திருக்கிறீர்கள்.

கபடியை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. அது மட்டும்தான் என் தவறு என்று இப்போதும் நினைக்கிறேன். மழைக்காலத்தில் ஒருநாள் அணியில் ஆள் குறைந்தது. ஷ்ரேயஸ் நேராக வந்து அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். கபடிக்கு மொழி எதற்கு? சேற்றில் எதிரணி மொத்தத்தையும் சபரி கட்டி உருட்டினான். அவனைத் தோளில் தூக்கி ஆடினார்கள். ஏழு வருஷமாக அந்த மைதானத்தின் ஓரத்தில் நின்றிருக்கிறேன், மேடம். என்னை ஒருவனும் ஒருநாளும் கையைப் பிடித்து இழுத்ததில்லை.

அப்புறம் அவனுக்கு மராத்தி வர ஆரம்பித்தது. ஷ்ரேயஸ் சொல்லிக் கொடுத்தான். அக்டோபரில் ஒருநாள் வீட்டுக்குப் போகும் வழியில் சபரி கேட்டான்:

"ஏன்டா கௌஷிக், சாரான்னா தீவனமாமா? ஷ்ரேயஸ் சொன்னான். நான் கம்மஞ்சோறுன்னுதான சொன்னேன்?"

"எனக்கு அந்த வார்த்தை தெரியல. தப்பாச் சொல்லிட்டேன் போலருக்கு."

"செரி விடு. நாளைக்கு டேங்குக்குப் போய்ட்டு வந்ததும் மிஸ்கிட்ட நானே பேசிப் பாக்கறேன். அன்னைக்கு எங்கப்பாகிட்ட என்னதான் சொன்னாங்கன்னு கேக்கோணும்."

கோபமாகக் கேட்டிருந்தால் கூட ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். அவன் என் தோளில் கை போட்டுக்கொண்டு கேட்டான். மிஸ்ஸிடம் பேசினால் என்ன ஆகும்? எல்லாம் வெளியே வரும். மிஸ், ஷ்ரேயஸ், அத்தை, எல்லோரும் என்னைக் காறித் துப்புவார்கள். மறுபடி நானும் என் தயிர்சாதமும்தான். அவனுக்கும் மனசு உடைந்து போகும். அதையும் நினைத்துப் பார்த்தேன், மேடம். அந்த நேரத்தில் அவனுக்காகக் கவலைப்பட்டவன் நான் ஒருவன்தான்.

மறுநாள் நீச்சலுக்குக் கூட்டிப் போனார்கள். நீச்சல் குளத்தை இங்கே டேங்க் என்போம். நீந்தத் தெரிந்தவர்கள் ஆழமான பக்கம், தெரியாதவர்கள் இந்தப் பக்கம் என்றார் பி.டி. சார். ஷ்ரேயஸும் அவன் ஆட்களும் ஆழத்துக்குப் போனார்கள். சபரியைக் கைதட்டிக் கூப்பிட்டார்கள். விளிம்பு வரைக்கும் போனவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"எனக்கு நீச்சல் தெரியாதுன்னு சார்கிட்டச் சொல்லுடா."

எங்கள் சார் அவசரக்காரர். என்ன சொல்கிறான் என்று கேட்டார். சொன்னேன்: வெட்கப்படுகிறான் சார், ஊரில் கிணற்றில் குதித்தே வளர்ந்தவன், லேசாகத் தள்ளிவிட்டால் போதும், மீன் மாதிரி போவான்.

தள்ளியது ஷ்ரேயஸ். ஆசையாகத்தான் தள்ளினான், சிரித்துக்கொண்டே. இப்போது சாப்பிடாமல் அழுதுகொண்டிருக்கிறானாம், அவன் அம்மா சொன்னார். பாவம். என் கை சபரி மேல் படவே இல்லை. அதை நீங்கள் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளலாம்.

தண்ணீருக்கு மேலே இரண்டு தடவை வந்தான். கத்தினான். தமிழில்தான் கத்தினான். பயத்தில் மராத்தியெல்லாம் மறந்து போயிருக்கும். விளிம்பில் நின்றவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "என்ன சொல்றான்? என்ன சொல்றான்?" என்று ஷ்ரேயஸ் என் கையைப் பிடித்து உலுக்கினான். அன்றைக்குத்தான் என் கையைப் பிடித்தான். தண்ணீர் ஜில்லென்று இருக்கிறதாம் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கிய பிறகுதான் சார் குதித்தார்.

நீங்கள் கேட்டது ஒரு கேள்விதான், அதற்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். ஆமாம், அவனுக்கு நீச்சல் தெரியாது என்று எனக்குத் தெரியும். "காப்பாத்து கௌஷிக்" என்று அவன் கத்தியதும் தெளிவாகக் கேட்டது. அவன் மிஸ்ஸிடம் பேசாமல் இருக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

நேற்று கண் விழித்துவிட்டான் என்று அத்தை சொன்னார். டாக்டர்கள் இந்தியில் என்ன கேட்டாலும் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறானாம். மூச்சு நின்று போனதில் மூளைக்கு அடி என்கிறார்கள். ஷ்ரேயஸ் மராத்தியில் கூப்பிட்டும் பார்த்தானாம், திரும்பவில்லையாம். அத்தை பேசினால் மட்டும் உதடு அசைகிறதாம், சத்தம் வரவில்லையாம்.

அத்தை அழுதுகொண்டே கேட்டால் அவன் எப்படிப் பேசுவான்? நீங்களும் தமிழ்தான், ஆனால் உங்களுடையது மெட்ராஸ் தமிழ், மேடம். அவனுக்குப் பிடிபடாது. என்னை அங்கே கூட்டிக்கொண்டு போங்கள். பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்கிறேன். அவன் என்ன சொல்கிறானோ, அதை அப்படியே உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.