ஒரு ஆளு குறையுது

ஹாரன் அடிச்சா இந்த கேட்டு தானா தொறந்துக்குமா தம்பி? காலைல காட்டுக்குள்ள போனது நாலு பேரு, வண்டில இருக்கறது மூணு பேரு. நாலாவது ஆளு வராம நான் தொறக்க மாட்டேன்.

முன்னாடியே நடந்து போயிட்டாரா? எந்த வழியா? காட்டுக்கும் உள்ள இருக்கற அணைக்கும் இந்த ஒரு வாசல்தான். காலைலேருந்து நான் இங்கேயேதான் உக்காந்திருக்கேன். சரி, ஃபோன் போட்டுக் குடுங்க. ஒரு வார்த்தை பேசட்டும், விட்டுடறேன். சிக்னல் இல்லையா? அப்ப அவரு போயிட்டாருன்னு உங்களுக்கு யாரு சொன்னது? படகு விட்டீங்க, பாறைல ஏறிப் படம் எடுத்தீங்க, கூட வந்த ஆளைக் காணோம்னு ஒருத்தருக்கும் தோணலையே!

அடேங்கப்பா, ரேஞ்சர் உங்க மாமாவா? தாராளமா சொல்லுங்க. கேட்டுல இருக்கற கிராக்குன்னு சொல்லுங்க, உடனே புரிஞ்சுக்குவாரு. இப்படி வண்டிய நிறுத்தறேன்னு ஏற்கெனவே மூணு தடவை எங்கிட்ட விளக்கம் கேட்டாச்சு, அடுத்த தடவை வேலையே போயிடுமாம். போனா போகட்டும்.

ஏய், வர்றவங்க போறவங்க பேரு எழுதற நோட்டை ஏன் இழுக்கறீங்க? நீங்களே அவரு போயிட்டாருன்னு எழுதிடுவீங்களா? கைய எடுங்க! வெளிய போற நேரத்தை அவங்கவங்கதான் எழுதணும்.

ஒரு காலத்துல நானும் அப்படித்தான் எழுதிட்டிருந்தேன். சாயந்திரம் பஸ்ஸப் பிடிக்கணுமே. மிச்சமிருக்கற பேருக்கெல்லாம் அஞ்சரைன்னு மளமளன்னு நானே போட்டுட்டுப் பூட்டிடுவேன். நாலு வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தரு தனியா பறவை பாக்க வந்தாரு. ஆறு மணிக்கு நான் பூட்டறப்ப அவரு சம்சாரம் ஓடி வந்துச்சு, இன்னும் வீடு வரலைன்னு. நோட்டை விரிச்சுக் காட்டினேன். பாரும்மா, அஞ்சரைக்கே கெளம்பிட்டாரு, வீட்டுக்குப் போய்ப் பாருன்னேன். அதுவும் நம்பிப் போயிடுச்சு.

மறுநாள்தான் பாறை இடுக்குல கண்டுபிடிச்சாங்க. விசாரணைல நோட்டைப் பாத்தாங்க. வெளிய போன ஆளு திருட்டுத்தனமா திரும்பி உள்ள வந்து விழுந்துட்டாருன்னு எழுதிட்டாங்க. நானும் ஆமாம் சாருன்னேன். கால்தான் ஒடஞ்சிருந்துச்சு. விடியற வரைக்கும் உசிரு இருந்திருக்குன்னு டாக்டரு சொன்னாரு.

அந்த அஞ்சரைய எழுதினது நான்தான்னு அவரு சம்சாரத்துகிட்டகூட இன்னும் சொல்லல. ம், எறங்குங்க. இன்னும் அரை மணி நேரம் வெளிச்சம் இருக்கும், போய்த் தேடுவோம்.