இரண்டு மணிக்குத் துவக்கு

— நான் அப்படியேதான் எழுதினேனான்னு எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு சார். 'அனைவரும் வருக'ன்னு போட்டேனா, 'மறக்காம வந்துடுங்க'ன்னு போட்டேனா... நாலஞ்சு நாளா மனசுக்குள்ள திருத்தித் திருத்தி, எழுதினது எது, திருத்தினது எதுன்னே தெரியல.

— அது கிடக்கட்டும். அந்த ஒரு சொல்லு எழுதினனீங்களோ, இல்லையோ?

— துவக்கா?

— மெல்லமாச் சொல்லுங்கோ தம்பி.

— எழுதினேன் சார். அதுல சந்தேகமே இல்ல. தலைப்பே அதான். 'சனிக்கிழமை, பான் நகர பேஸ்பால் மைதானம், இரண்டு மணிக்குத் துவக்கு.'

— கடவுளே.

— எங்க ஊர்ல துவக்குன்னா ஆரம்பம் சார். துவக்க விழா, துவக்கப் பள்ளி எல்லாம் இருக்கே. ஆட்டம் தொடங்குதுன்னு ஸ்டைலா சொல்லலாம்னு பாத்தேன்.

— எங்கட ஊரில துவக்கெண்டால் சுடுறது. தோளில கொழுவிக்கொண்டு போறது.

— அது எனக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது. எல்லாரும் திட்டி முடிச்சதுக்கு அப்புறம்.

— அங்க சண்டை திரும்பத் தொடங்கிக் கிடக்கு. இஞ்ச ரெலிபோன் அடிச்சால் எடுக்கவே பயமாக் கிடக்கு. அதுக்குள்ள துவக்கோட வாங்கோ எண்டு எழுதினால்?

— 'துவக்கோட'ன்னு போடல சார். 'இரண்டு மணிக்குத் துவக்கு'.

— அது இன்னும் மோசம். நேரமும் குறிச்செல்லோ வைச்சிருக்கிறியள்.

— நீங்க சொல்றது சரிதான். கடலை எடுத்துக்கோங்க சார்.

— கச்சானோ? தாங்கோ. சேர் எண்டு சொல்லாதேங்கோ, நான் ஃபாக்ரறியில நிண்டு வேலை செய்யிற ஆள். அண்ணை எண்டு கூப்பிடுங்கோ. குணசேகரம்.

— நான் உமாபதி, அண்ணே. டார்ம்ஸ்டாட்லேர்ந்து வர்றேன். சாஃப்ட்வேர். சொல்லவே வேண்டாம், செருப்புக்கு சாக்ஸ் போட்டிருக்கறத பாத்தாலே தெரியும்.

— நான் கேக்காமல் விட்டது அதுக்குத்தான். கச்சானுக்கு உப்புக் காணாது.

— நீங்க 'கூடாரம்' உறுப்பினரா அண்ணே?

— என்ன கூடாரம்?

— நம்ம இணையத்தளம். அரசியல், சினிமா, சமையல், விளையாட்டுன்னு எல்லாரும் எழுதுவாங்களே. அதுலதான் நான் இத போட்டேன்.

— எனக்கு உந்தக் கொம்பியூற்றர் ஒண்டும் சரிவராது. ஆக்கள் கதைச்சதைக் கேட்டு, என்னதான் நடக்குதெண்டு பாக்க வந்தனான்.

— போச்சு. நீங்க உறுப்பினரா இருந்திருந்தா நான் தப்பிச்சிருப்பேன்.

— ஏன்?

— நிர்வாகி கெடு வெச்சிருக்காரு அண்ணே. நான் பந்தாட்டம் பாக்கத்தான் கூப்பிட்டேன்னா, உறுப்பினர் மூணு பேராவது இங்க நேர்ல வந்துட்டு, இன்னிக்கு இருட்டறதுக்குள்ள எழுதணுமாம். இல்லன்னா பேஸ்பால் பகுதியையே தூக்கிடுவாராம்.

— தூக்கினால் தூக்கட்டுமன். பந்தடிக்கிறதைப் பற்றி எழுத உலகத்தில வேற இடமில்லையோ?

— தமிழ்ல இல்ல அண்ணே. இதுவே உலகத்துலயே ஒண்ணுதான்னு நினைக்கிறேன். அதுலயும் மொத்தம் மூணு பேர்.

— மூண்டு பேருக்கு ஒரு பகுதியோ?

— மூணு பேர், நாலு கட்சி.

— ...

— சிரிக்காதீங்க. எனக்கு வேற எதுவும் இல்ல. ஆபீஸ்ல காலைல 'மார்கன்' சொல்லுவாங்க, சாயந்திரம் 'ச்சூஸ்' சொல்லுவாங்க, நடுவுல மெஷின் பேசும். வீட்டுக்கு வந்தா ஹீட்டர் பேசும். அப்புறம் அந்தப் பகுதியத் திறப்பேன். யாராவது என்னத் திட்டி வெச்சிருப்பாங்க. அப்பாடா, நம்மள நினைச்சுக்கறதுக்கு ஆள் இருக்குன்னு தோணும். அத மூடிட்டா, என்னத் திட்டக்கூட ஆள் கிடையாது.

— மற்ற ரெண்டு பேரும் ஆர்?

— ஸ்டுட்கார்ட்லேர்ந்து லக்ஷ்மிப்ரியா. நேத்து வரைக்கும் வர்றேன்னாங்க. வீட்டுக்காரர் யாரோ சொல்லி அர்த்தம் தெரிஞ்சுக்கிட்டாராம். 'பொதுக்கூட்டமா, போர்க்களமா'ன்னு கேட்டு டிக்கெட்ட கேன்சல் பண்ணிட்டாரு.

— மற்றது?

— அதோ, முகமூடி போட்டுக்கிட்டுக் குந்தி உக்காந்திருக்கானே, அவன்தான். சேயோன். பேர மறைக்காம சொந்தப் பேர்லயே எழுதுவான். இந்த ஊர்லயே வளந்த பையன். ஆட்டம் முடிஞ்சுதான் மொத மொதலா பேசப்போறேன்.

— உப்பிடிக் குந்திக்கொண்டிருந்தால் முழங்கால் என்னத்துக்கு ஆகும்?

— பந்து பிடிக்கறவன் அப்படித்தான் இருக்கணும் அண்ணே.

— குந்தாமல் இருக்கலாம் எண்டுதான் நாங்கள் ஜெர்மனிக்கே வந்தது.

— ...

— இப்ப நீங்கள் சிரிக்கிறியள். சரி, தம்பி, உங்களை ஆரோ ஒராள்தான் கூடத் திட்டினவராம்?

— உண்மைவிளம்பின்னு ஒருத்தர். அவர்தான் கெளப்பிவிட்டதே. 'இந்தியாக்காரர் எங்களுக்குத் துவக்கு எப்ப எண்டு சொல்லத் தேவையில்லை. முதல் தந்தனியள், பேந்து பறிச்சனியள், இப்ப நேரமும் குறிக்கிறியளோ?' அப்படின்னு எழுதினாரு. ஒரு எழுத்து விடாம மனப்பாடம்.

— வசனம் நல்லாத்தானே கிடக்கு.

— நல்லா இருக்கறதாலதான் தூக்கம் வரல. நானும் சும்மா இருந்தேனா? 'இந்திய ராணுவம் பறிச்ச வருஷம் எனக்கு ஒன்பது வயசு, என் கையில இருந்தது ஒரு பிளாஸ்டிக் மட்டை, அதையும் எதிர்வீட்டுப் பையன் பறிச்சிட்டான்'னு எழுதினேன்.

— அதுக்கு அவர்?

— 'பறிகொடுத்தவருக்கே பறிகொடுத்தவரைத் தெரியாவிட்டால்' அப்படின்னு தொடங்கி மூணு பாரா. அந்த 'பேந்து'ன்னா என்னன்னு கேக்கணும்னு இருந்தேன். கோவத்துல கேக்கல.

— பிறகு எண்டு அர்த்தம்.

— அவ்வளவுதானா? நான் ஏதோ கெட்ட வார்த்தைன்னு நினைச்சு, நிர்வாகிகிட்டப் புகார் குடுத்துட்டேன்.

— ...

— அண்ணே, கடலை மூக்குல ஏறிடுச்சா? தண்ணி குடிங்க.

— ஒண்டுமில்லை. சொல்லுங்கோ. உங்கட ஆக்களுக்குக் கிரிக்கெட் எண்டால் உயிரெல்லோ? ஏன் இதுக்குள்ள வந்து விழுந்தனீங்கள்?

— மார்ச்ல உலகக் கோப்பைக்குன்னு லீவு போட்டு, வீட்டுல சாட்டிலைட் டிஷ் மாட்டி உக்காந்தேன். டிஷ் மாட்டினவன் ஏணிய எடுத்துட்டுப் போறதுக்குள்ள இந்தியா மூட்டை கட்டிடுச்சு. நீங்க கடைசி ஆட்டம் பாத்தீங்களா? இலங்கையும் ஆஸ்திரேலியாவும்?

— பாத்தனான். ஃபாக்ரறியில எல்லாரும் 'உங்கட நாடு' எண்டு கை தருகினம். நான் சிங்கக் கொடியைப் பாக்கிறன். பேந்து அடிக்கிற பெடியனைப் பாக்கிறன், வடிவா அடிக்கிறான். வெண்டால் அழுறதோ, தோத்தால் அழுறதோ எண்டு தெரியேல்லை. ரீவீயை நிப்பாட்டிப்போட்டு முன்னால இருந்தன்.

— நிறுத்தின டீவீ முன்னாலயா?

— ஓம். மனிசி வந்து, கறண்ட் போயிட்டுதோ எண்டு கேட்டவ.

— அதான் அண்ணே நான் இங்க வந்தேன். பாஸ்டன்ல ப்ராஜெக்ட்ல இருந்தப்ப இந்த ஆட்டத்தப் பழகிக்கிட்டேன். இதுல நமக்குக் கொடியே கிடையாது. யார் ஜெயிச்சாலும் நாம துரோகி இல்ல.

— இல்லையே, நீங்கள் இதுக்குள்ளயும் துவக்கைக் கொண்டு வந்திட்டியள்.

— அது என் திறமை.

— சரி, விளங்கப்படுத்துங்கோ. உந்த நாலு மூலையும் என்னத்துக்கு?

— அடிச்சிட்டு ஒவ்வொரு மூலையா ஓடணும். வழியில எங்கயும் நின்னுக்கலாம், ஆனா புள்ளி கிடையாது. சுத்தி, கெளம்பின எடத்துக்கே திரும்பி வந்தாத்தான் ஒரு ஓட்டம். அந்த எடத்துக்குப் பேரே வீடு.

— வெளிக்கிட்ட வீட்டுக்குத் திரும்பிப் போனாத்தான் கணக்கோ?

— ஆமா.

— அப்ப எங்கட சனத்தில ஒருத்தரும் இன்னும் ஓட்டம் எடுக்கேல்லைத் தம்பி. எல்லாரும் மூண்டாம் மூலையில நிண்டு விசாவுக்கு எழுதிக்கொண்டிருக்கிறம்.

— ...

— பகிடிக்குச் சொன்னனான். சிரியுங்கோ.

— ...

— சரி, சிரிக்க வேண்டாம். உந்தப் பெடியன் உங்கட பகுதியில என்ன எழுதுறவன்?

— எல்லாத்தையும் கிண்டல் பண்ணி எழுதுவான். முக்கியமா அவங்க அப்பாவ.

— ... அப்பாவையோ?

— 'பேஸ்பால் விளையாடப் போறன் எண்டு சொன்னன். ஏன், பாம்படிக்கவோ எண்டு கேட்டார்.' இப்படி. எனக்கு வயிறு வலிச்சுது.

— உலக்கை மாதிரி ஒண்டைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டால் எந்தத் தகப்பனும் கேக்கத்தான் செய்வான். வேற?

— வேறன்னா... அவர் ஒரு ஆட்டத்துக்கும் வந்ததில்லையாம். சனிக்கிழமைன்னா ஊர்வலம், கூட்டம், இல்லன்னா ஷிஃப்ட். இவன் ஒவ்வொரு தடவையும் அவருக்குன்னு ஒரு ஜாக்கெட்ட பெஞ்சுல போட்டு எடம் பிடிச்சு வைப்பானாம். 'நீலச் சட்டைக்குப் பக்கத்தில இருங்கோ அண்ணை, அது அப்பாட இடம், அவர் வாறேல்லை, கச்சானை அதுக்கு மேல வையுங்கோ'ன்னு எனக்கு எழுதினான். எங்க அந்த ஜாக்கெட்டக் காணோம்?

— ... நான் அதுக்கு மேலதான் இருக்கிறன். ஆரோ விட்டிட்டுப் போயிட்டினம் எண்டு நினைச்சனான். வாங்குப் பலகை குளிர்ந்துது.

— பரவால்ல அண்ணே, அவர்தான் வரப்போறதில்லையே. அதோ, அவன்தான் இப்ப அடிக்க வர்றான், பாருங்க. மூணு தடவ விட்டான்னா அவுட்.

— ஒண்டு விட்டிட்டான்.

— ம்.

— ரெண்டு. ஏன் விடுறான்? கண்ணைத் திறந்து வடிவாப் பாத்து அடிக்கத் தெரியாதோ?

— இருங்க, இருங்க... அடிச்சிட்டான்! நல்லாப் போகுது, ஆள் இல்லாத எடத்துக்கு!

— ஓடடா!

— அண்ணே, உக்காருங்க.

— ரெண்டாம் மூலை... நில்லாதை, நில்லாதை! வீட்டை போ! ஓடு மோனை, ஓடு! விழுந்திட்டான்! முழங்கால்! எழும்பு மோனை!

— வந்துட்டான்! வீட்டத் தொட்டுட்டான்!

— ...

— அண்ணே.

— என்ன.

— மோனைன்னா... எதுகை மோனையா?

— இல்லை.

— வேற என்ன?

— மகன். எங்கட ஊரில மகனைத்தான் அப்பிடிக் கூப்பிடுறது.

— நான் இவ்வளவு நேரமா உங்ககிட்டயேவா... பாம்பு... ஜாக்கெட்டு...

— விடுங்கோ. அங்கால பாருங்கோ, அவன் வாறான்.

— அப்பா? என்ன நடந்தது? ஊரில இருந்து ரெலிபோன் வந்ததோ? ஆருக்கும் ஏதும்...?

— ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை. சும்மா வந்தனான்.

— நீங்கள் சும்மா வாறேல்லையே.

— துவக்கு எண்டு எழுதிக் கிடந்தது. பாத்திட்டுப் போவம் எண்டு வந்தன்.

— எங்க எழுதிக் கிடந்தது?

— ஆக்கள் சொல்லிச்சினம். முழங்காலைக் காட்டு. உள்ள போய் விளையாடு, அவங்கள் கூப்பிடுறாங்கள். முடிஞ்ச உடன இந்தத் தம்பியையும் கூட்டிக்கொண்டு வீட்டை போவம்.

*

— செருப்பை அங்க விட்டிட்டு வாங்கோ தம்பி. சேயோன், கதிரையை எடுத்துக் குடு. தேத்தண்ணிக்குச் சீனி போடுறதோ?

— வேணாம் அண்ணே. எங்க டீம் தோத்த மூஞ்சிக்கு சர்க்கரை ஒரு கேடு. அஞ்சு நிமிஷம் கம்ப்யூட்டர் குடுங்க, கடைசியா ஒரு வரி எழுதிட்டுக் கெளம்பறேன்.

— நானும் எழுதிறன் உமாபதி அண்ணை. ரெண்டு பேர் சாட்சி சொன்னால் விடமாட்டினமோ?

— மூணுன்னா மூணுதான்டா. நிர்வாகிய உனக்குத் தெரியாதா. உங்கப்பா உறுப்பினரா இருந்திருந்தா...

— தள்ளுங்கோ. நான் எழுதிறன்.

— அப்பா, உங்களுக்குக் கொம்பியூற்றரை எங்க அமத்திறதெண்டே தெரியாதே. போன மாசம் பாங்கில சந்திக்கிற நேரம் எடுக்க நான்தானே...

— சத்தம் போடாமல் நில்லு.

— அப்பா, பத்து விரலாலையும் அடிக்கிறியள்.

— அண்ணே... மேல, பேர் இருக்கற எடத்துல... 'வணக்கம் உண்மைவிளம்பி'ன்னு...

— எட்டிப் பாத்து வாசியாதேங்கோ.

— உண்மைவிளம்பியா! அண்ணே, ரெண்டு மணிலேர்ந்து நீங்க என்கிட்டச் சொன்னதுல ஒண்ணாவது உண்மையா?

— கச்சானுக்கு உப்புக் காணாது எண்டது.

— அப்பா, அப்ப நான் உங்களைப் பற்றி எழுதினது எல்லாம்...?

— உந்தப் பந்துப் பக்கம் நான் வாறேல்லை. அரசியல் பக்கம் மட்டும்தான். செவ்வாய்க்கிழமை அந்தத் தலைப்புக் கண்ணில பட்டது. திறந்தன். துவக்கு எண்டதுக்குக் கீழ என்ர மகன்ர பேர். 'கட்டாயம் வருவன், நான்தான் முன்னுக்கு நிப்பன்' எண்டு. பேந்து எனக்கு நித்திரை இல்லை. இந்தத் தம்பியைத் திட்டாமல் ஆரைத் திட்டுறது?

— ரெண்டு பேரும் மூச்சு விடுங்கோ. வாசிக்கிறன், பிழை இருந்தால் சொல்லுங்கோ. 'உண்மைவிளம்பி எழுதுவது. இன்று மைதானத்துக்கு நேரில் போனேன். நம் அணி தோற்றது. சேயோன் ஒரு ஓட்டம் எடுத்தான், முழங்கால் உரசிவிட்டது, மருந்து போட்டாயிற்று. உமாபதி ரயிலைத் தவறவிடப்போகிறார், சாப்பாடு எங்கள் வீட்டில். அரசியலில் அவர் சொல்வது முழுக்கப் பிழை, அதை நாளைக்கு எழுதுவேன். லக்ஷ்மிப்ரியாவின் கணவர் பயப்பட வேண்டாம். உறுப்பினர்கள் மூன்று பேர் போயிருந்தோம். அடுத்த சனிக்கிழமையும் இரண்டு மணிக்குத் துவக்கு.'